பேசாத கன்னம்

எங்கள் பனையடித்துறையில் கன்னங்கள் பேசத் தொடங்கியது ஒரு வெள்ளிக்கிழமை காலை, தூத்துக்குடிக்குப் போகும் முதல் பஸ்ஸில். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தபால் ஆபீஸ் செல்லத்தாய் கைப்பையிலிருந்து ஒரு டியூபை எடுத்து, வெயிலுக்கென்று முகத்தில் பூசி, மூடியைத் திருகி முடிப்பதற்குள், அவளுடைய வலது கன்னம், அவள் பாவாடை கட்டிக்கொண்டு திரிந்த வயதில் அவளுக்கிருந்த அதே கீச்சுக் குரலில், "ஜிங்க் வந்திருக்கு, குடை பிடிக்குது, வேர்த்துட்டா மறுபடி பூசணும்" என்று சொன்னது. பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார், பின்சீட்டில் கூடையோடு இருந்த மீன்கார ராக்கம்மா "சரியாத்தான சொல்லுது" என்றாள், கண்டக்டர் மறுபடி டிக்கெட் கிழிக்கத் தொடங்கினார்.

ஏன் பேசுகிறது என்று கேட்டவர்களும் உண்டு. கோயில் கொடை தள்ளிப்போனதால்தான் என்று பூசாரி சொன்னார், புதிதாக நட்ட செல்போன் டவரால் என்று டீக்கடையில் சொன்னார்கள், உப்பளத்துக் காற்றில் ஏதோ கலந்துவிட்டது என்று அங்கே வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். அதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது, எல்லாருக்கும் சோலி கிடந்தது. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கு ஒன்று விளங்கிவிட்டது. கன்னம் இரண்டே விஷயம்தான் பேசும்: தன்மேல் என்ன வந்து படிந்திருக்கிறது, அது என்ன செய்கிறது. வேறு வம்பு பேசாது, புறணி பேசாது, யார் வீட்டில் என்ன சண்டை என்று சொல்லாது. அந்த வேலைக்கு எங்கள் வாய்கள் இருந்தன.

அதன்பிறகு கொஞ்ச நாள் ஊரே ஒரு பரீட்சைக்கூடமாக இருந்தது. குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் கன்னத்தோடு கன்னம் வைத்து ஒப்பிட்டார்கள், "உன்னுது என்னட்டி சொல்லுது, என்னுது என்ன சொல்லுது" என்று. பேங்க் மேனேஜர் சம்சாரம் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பூசுகிற கிரீமும், ராக்கம்மா பெட்டிக்கடைச் சரத்திலிருந்து கிழித்து வாங்குகிற பாக்கெட்டும், "தண்ணி வந்திருக்கு, கிளிசரின் வந்திருக்கு, அது ஈரத்தைப் பிடிச்சு வைக்குது, மெழுகு மேல மூடுது, வாசனை சும்மா வந்திருக்கு" என்று ஒரே வரிசையில் ஒப்பித்ததைக் கேட்டு, மேனேஜர் சம்சாரம் அன்று குடத்தை நிரப்பாமலே வீட்டுக்குப் போய்விட்டாள். குங்குமப்பூ கிரீம் பூசிய கன்னம், "மஞ்ச கலர் வந்திருக்கு, வாசனை வந்திருக்கு, குங்குமப்பூவைக் காணல" என்றது. கற்றாழை ஜெல் பூசிய கன்னம், "ஒரு சொட்டு கத்தாழை, மிச்சமெல்லாம் தண்ணியும் பசையும்" என்றது. வைட்டமின் சி பூசிய கன்னம், "பாட்டில்ல இருக்கும்போதே செவந்து கெட்டுப்போச்சு, இனி இது வேலை செய்யாது" என்று வருத்தப்பட்டது. நியாசினமைடு என்று ஒன்று, அது மட்டும் நிதானமான ஆள், "கருப்பு மெல்ல மெல்லத்தான் மங்கும், அவசரப்படாத" என்று தினமும் அதையே சொன்னது. வாசலின் பூசினால், "புதுசா ஒண்ணும் கொண்டாரல, இருக்கிற ஈரத்தை வெளிய விடாம கதவைச் சாத்தியிருக்கு" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும். ஆண்களும் தப்பவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் கூட்டத்தில் குடிதண்ணீரைப் பற்றி ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கன்னம், "பொம்பளைங்க பூசுற செவப்பழகு கிரீம் வந்திருக்கு, வெளுப்பாக் காட்டுது" என்று நடுவில் புகுந்து சொல்லிவிட்டது. குடிதண்ணீர் விஷயம் அத்தோடு போயிற்று.

வெறும் கன்னமாக விட்டாலும் அது சும்மா இருக்காது. எங்கள் ஊர் உப்பு ஊர். வாசலில் நின்றால் போதும், "உப்புக் காத்து வந்திருக்கு, ஈரத்தை உறிஞ்சுது" என்று தொடங்கிவிடும். பேசாத கன்னம் என்று ஒன்று எங்கள் ஊரில் இருக்கவே முடியாது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை நாற்காலியும் ஒற்றைக் கண்ணாடியுமாக 'பவளம் பியூட்டி பார்லர்' வைத்திருந்த பவளக்கொடியின் கன்னம் மட்டும் அந்த வெள்ளிக்கிழமையிலும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கன்னத்துக்கு வாய்த்துடுக்கு இல்லை என்று சொல்லிச் சிரித்தாள்.

பவளக்கொடி எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் வேலாயுதம் உப்பு லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். அவள் வந்த அன்று அந்த வீட்டில் மாமியார் இல்லை, போய்ச் சேர்ந்திருந்தாள். வேலாயுதத்தின் தங்கச்சி செண்பகவடிவு மட்டும், ஆறு வயசுக் குழந்தை, உப்புக்காற்றில் கன்னமெல்லாம் வெடித்துப்போய் வாசற்படியில் நின்றிருந்தது. மறுநாள் காலையில் பவளக்கொடி முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது அந்தக் குழந்தை ஓசைப்படாமல் பக்கத்தில் வந்து கன்னத்தை நீட்டி, "எனக்கும் மதினி" என்றது. அவள் தடவிவிட்டாள். அன்றிலிருந்து எந்தக் காலையிலும் அந்தக் கன்னம் வந்து நீளாமல் இருந்ததில்லை. நான் பார்லர் தொடங்கியது மதுரையில் அழகுக்கலை படித்த பிறகு இல்லை, வடிவு கன்னத்தை நீட்டினாளே அன்றைக்குத்தான் என்று பவளக்கொடி சொல்வாள்.

வடிவு வளர்ந்து, படித்து, உப்புக் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கல்யாண வயதுக்கும் வந்துவிட்டாள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து முதல் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். காபி டம்ளரோடு வடிவு தலைகுனிந்து வந்து நின்றபோது, அவள் காலையில் ஆசையாகத் தடவியிருந்த ஜெல்லை அவள் கன்னம் மறைக்கவில்லை. "சாலிசிலிக் ஆசிட் வந்திருக்கு, பரு அடைப்பைத் திறக்குது, தாடையிலதான் சாஸ்தி" என்று அந்த ஆறு வயசுக் குரலில் நடுவீட்டில் கணீரென்று சொன்னது. கேசரி தின்றுகொண்டிருந்த மாப்பிள்ளையின் அத்தைக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. போய்த் தாக்கல் சொல்லுகிறோம் என்று எழுந்து போனவர்கள் அப்படியே போய்விட்டார்கள்.

அன்று வடிவு பார்லர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

"நான் ஒரு வார்த்தை பேசல மதினி. என் மூஞ்சி பேசுது. ஊரு உலகம் எல்லாம் பேசுனது போதாதுன்னு என் மூஞ்சியும் என்னைப் பத்திப் பேசுது. அது வாய அடைக்க ஏதாவது செய்யேன் மதினி."

"அழாதட்டி. என்னுது பேசுதா பாரு. எங்கிட்ட இருக்கு மருந்து" என்றாள் பவளக்கொடி. அப்போதுதான் அவளுக்கே அது உறைத்தது.

அவளிடம் இருந்தது பார்லர் கிரீம். மதுரையில் அழகுக்கலை வகுப்பில் சொல்லிக்கொடுத்த அம்மாள் காட்டித் தந்தது: மெடிக்கல் ஷாப்பில் மூன்று டியூப் வாங்க வேண்டும், ஒன்று சாதாரண முகக் கிரீம், ஒன்று கரும்புள்ளி போக்குகிறது, ஒன்று தோலில் வருகிற படைக்குப் போடுகிறது, மூன்றையும் கிண்ணத்தில் பிதுக்கி ஐஸ் குச்சியால் ஒரே பக்கமாகக் கலக்கி வெள்ளை டப்பாவில் அடைத்துவிட வேண்டும். படை மருந்து முகத்துக்கு எதற்கு என்று ஒருத்தி கேட்டதற்கு, ரிசல்ட்டைப் பாருங்க, கேள்வி கேக்காதீங்க என்றிருக்கிறாள் அந்த அம்மாள். ரிசல்ட் வந்தது, அதுதான் வினை. ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்றாகும், பரு அமுங்கும், சிவப்பு அடங்கும். பவளக்கொடி அதைப் பல வருஷமாகத் தன் முகத்திலேயே பூசிக்கொண்டுதான் இருந்தாள். தனக்கு ஒன்று வாடிக்கைக்கு ஒன்று என்று வைக்கத் தெரிந்தவள் இல்லை.

வடிவின் கன்னம் முதல் நாள், "என்னமோ வந்திருக்கு" என்றது. அடுத்த நாள், "தூக்கம் வருது" என்றது. அதன்பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மதினியும் நாத்தனாரும் அதைக் கேட்டுக் கைதட்டிச் சிரித்தார்கள்.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், சொல்லப் பெருமையாக ஒன்றுமில்லை. பேசுகிற கன்னத்தைக் கண்டு அதிசயப்படாத ஊர், பேசாத கன்னத்தைக் கண்டதும் வாயைப் பிளந்தது. என்ன அடக்கம், என்ன பாந்தம் என்றார்கள். தரகர்கள் ஜாதகத்தோடு, பெண் கன்னம் பேசாது என்பதையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட வாயாடிக் கன்னம், அடக்கக் கன்னம் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து விளையாடினார்கள். பவளக்கொடியின் டப்பா தூத்துக்குடி, ஏரல், ஆத்தூர் என்று பஸ் ஏறிப் போயிற்று. ஒவ்வொரு கன்னமாக ஊரில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது, கடைசியில் குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. நன்றாகத்தான் இருக்கிறது, நிம்மதியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டோம். ராக்கம்மா மட்டும், "எனக்கு எதுக்கு? மீனுக்கு என் கன்னம் பேசுனா என்ன, பேசாட்டா என்ன?" என்று கடைசி வரைக்கும் வாங்கவில்லை.

ஏரலிலிருந்து ஆவுடையம்மாள் வந்தாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் மகன் குருபரனுக்குப் பெண் பார்க்க வந்தவள், வடிவின் கன்னத்துப் பக்கம் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இதுதான் எங்க வீட்டுக்குப் பொண்ணு" என்று அங்கேயே பூ வைத்தாள். போகும்போது தனக்கும் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போனாள்.

நிச்சயம் முடிந்த பிறகுதான் வடிவுக்கு வெயில் ஆகாமல் போயிற்று. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆபீசுக்கு நடப்பதற்குள் முகம் கனன்றது. கன்னத்தில் சிவப்பு நூலிழை போல நரம்பு தெரிந்தது, காதோரம் பூனைமுடி அடர்ந்தது.

"மதினி, எரியுற மாதிரி இருக்கு."

"கல்யாணக் களை வந்துட்டு, அதான் செவக்கு. இன்னும் கொஞ்சம் பூசு, அமுங்கிரும்."

பூசினால் அமுங்கத்தான் செய்தது. அதனால் இன்னும் பூசினார்கள். அவள் மேல் உயிரையே வைத்திருந்தவள் தன் கையாலேயே தினமும் பூசிவிட்டாள், அதை எப்படிச் சொல்ல.

எங்கள் பக்கம் பந்தக்கால் நட்டுவிட்டால், நலங்கு வைக்கிற வரைக்கும் மணப்பெண்ணின் முகத்தில் கடைச் சாமான் எதுவும் படக்கூடாது. தண்ணீரில் முகம் கழுவலாம், அவ்வளவுதான். சம்பிரதாயத்தில் பவளக்கொடி கறாரானவள். தாயில்லாப் பெண் என்று நாளைக்கு யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்று டப்பாவை எடுத்துப் பரணில் வைத்துவிட்டாள். இரண்டாம் நாளே வடிவின் முகம் சிவக்கத் தொடங்கியது, நாளுக்கு நாள் தடித்தது. கல்யாண வேலையில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் பார்த்து, வெட்கத்தைப் பாரேன் என்று கிண்டல் செய்துவிட்டு ஓடினார்கள். வடிவு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். இந்தக் கல்யாணமும் நின்றுவிட்டால் மதினி முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் அவளுக்குக் கவலை.

நலங்கு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மனையில் வடிவை உட்காரவைத்து, சந்தனமும் மஞ்சளும் பயத்தமாவும் தனித்தனிக் கிண்ணத்தில் குழைத்து வைத்து, இரண்டு வீட்டுப் பெண்களும் சுற்றி நின்றார்கள். முதலில் ஆவுடையம்மாள் பூசினாள், பிறகு அவள் ஓர்ப்படிகள் பூசினார்கள், பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் பூசினார்கள். மஞ்சள் பட்டும் பேசவில்லை, சந்தனம் பட்டும் பேசவில்லை. ஒவ்வொருத்தி பூசி முடித்ததும் ஆவுடையம்மாள் தன் வீட்டாரைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தாள். கடைசியாக மதினி முறைக்குப் பவளக்கொடி கையில் சந்தனத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். வைத்தவள் திடுக்கிட்டாள், கன்னம் அடுப்பிலிருந்து இறக்கின சட்டி மாதிரி கொதித்தது.

அப்போது அது பேசியது. ஊர்க் கன்னங்கள் பேசிய நாளிலெல்லாம் அதட்டலாகவும் துடுக்காகவும் கேட்ட குரல் இல்லை. பல நாள் தூங்கி எழுந்த குழந்தையின் கம்மிய குரல்.

"மதினி, எரியுது."

மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் கூட நிறுத்திவிட்டார்.

"என்னத்தட்டி போட்டேன் நான் உனக்கு?" என்று பவளக்கொடி கன்னத்திடமே கேட்டாள்.

"படைக்குப் போடுற மருந்து. எரிச்சல அது ஆத்தல மதினி, என்னைத் தூங்கப் போட்டுட்டு. தூங்கத் தூங்க நான் மெலிஞ்சு போயிட்டேன். இப்ப மருந்து நின்னுட்டு, முழிச்சுக்கிட்டேன். மஞ்சள் பட்டா காந்துது, எல்லாம் காந்துது."

"சீக்குப் பொண்ணைக் கட்டப் பார்த்தாகளா? யக்கா, எந்திரிங்க போவோம்" என்று மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஆவுடையம்மாள் எழுந்தேவிட்டாள். வடிவு நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை, மதினியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

எழுந்த ஆவுடையம்மாள் அதிர்ச்சியில் கன்னத்தில் கை வைத்தாள். நம் பெண்கள் எல்லாரும் செய்கிறதுதான், அந்த மண்டபத்திலும் அத்தனை பேரும் அதையேதான் செய்தார்கள். அத்தனை கையிலும் நலங்குச் சந்தனம் இருந்தது. கை பட்ட இடத்தில் சந்தனம் அப்பியது. சந்தனம் பட்ட கன்னம் பேச வேண்டும். ஒரு கன்னமும் பேசவில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்ற ராக்கம்மாவின் கன்னம் மட்டும், பாவாடை கட்டிய பிள்ளையின் குரலில், "சந்தனம் வந்திருக்கு, குளுமையா இருக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னது.

ஆவுடையம்மாள் இன்னொரு தடவை தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "என்னுது ஏன் பேச மாட்டேங்கு?"

"நான்தான் கலந்தேன்" என்றாள் பவளக்கொடி. "உங்களுக்கும், இவளுக்கும், எல்லாருக்கும். எது எதுன்னு தெரியும். எது என்ன செய்யும்னு தெரியாது. கேக்கணும்னு தோணவும் இல்ல. பேசாம இருக்குன்னுதான் நானும் சந்தோசப்பட்டேன். என்னை என்ன வேணாலும் சொல்லுங்க, பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க."

ஆவுடையம்மாள் வடிவின் பக்கம் திரும்பினாள். அடக்கமான கன்னம் வேண்டும் என்று காதை வைத்துக் கேட்டுப் பெண் எடுத்தவள் அவள்தான், அது அவளுக்கே அப்போது நினைவு வந்திருக்க வேண்டும். "பச்சைத் தண்ணி கொண்டாங்க" என்றாள். சொம்பு வந்ததும் மனைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, மஞ்சளையும் சந்தனத்தையும் தன் கையாலேயே, தேய்க்காமல், ஒத்தி ஒத்திக் கழுவினாள்.

"அத்தை, எந்திரிச்சுப் போறீங்களோன்னு பயந்துட்டேன்" என்றாள் வடிவு.

"எங்க போக? எனக்கும் இந்த மூஞ்சிதான" என்றாள் ஆவுடையம்மாள்.

விஷயம் கேட்டு வாசல் வரைக்கும் வந்து நின்ற குருபரன், "ரொம்ப எரியுதா?" என்று மட்டும் கேட்டான். மறுநாள் முகூர்த்தத்தில் வடிவு ஒரு பொட்டு பவுடர் கூடப் போடாமல் தக்காளிச் சிவப்பு முகத்தோடு தாலி கட்டிக்கொண்டாள். போட்டோக்காரன் ஆல்பத்தில் அதைச் சரிசெய்து தருகிறேன் என்றதற்கு, அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டாள்.

தூத்துக்குடியில் தோல் டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வடிவின் கன்னத்திலேயே வைத்துக் கேட்டார். அந்தப் படை மருந்தில் இருந்தது ஸ்டீராய்டு என்றும், அதைத் திடீரென்று நிறுத்தியதால்தான் இப்படிக் கொதிக்கிறது என்றும், லேசான மருந்துக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றும், வாசலினும் குடையும் தவிர முகத்துக்கு வேறு எதுவும் வேண்டாம் என்றும் சொன்னார். பவளக்கொடி வீடு வீடாகப் போய், டப்பா வாங்கிய ஒவ்வொருத்தியிடமும் நின்று அதையே சொன்னாள். சிலர் திட்டினார்கள், ஒருத்தி கதவைச் சாத்தினாள், பலபேர் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார்கள். ஊரைக் கடந்து போன பஸ்காரர்கள், மழையில்லாத நாளில் இத்தனை பெண்கள் சிவந்த முகத்தோடு குடை பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டு, இங்கே ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். பார்லர் மூடவில்லை. புதிதாக எது வந்தாலும் முதலில் ராக்கம்மாவின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்து, அது சொல்வதை முழுக்கக் கேட்ட பிறகுதான் பவளக்கொடி மற்றவர்களைத் தொடுவாள்.

மெல்ல ஒவ்வொரு கன்னமாகச் சத்தம் திரும்பியது. ஆவுடையம்மாள் ஒருநாள் காலையிலேயே போன் போட்டு, "பவளம், என்னுது இன்னைக்கு சோப்புன்னு சொல்லிச்சு! வறட்டுதுன்னும் சொல்லிச்சு!" என்று கத்தினாள். குழாயடியில் மறுபடி இரைச்சல், பஸ்ஸில் மறுபடி கீச்சுக் குரல்கள். பவளக்கொடியின் கன்னம் மட்டும் பேசவில்லை. எல்லாரையும்விட அதிக வருஷம் பூசியவள் அவள். வடிவின் கன்னமும், டாக்டரம்மா தந்த லேசான மருந்தில் மறுபடி அரைத்தூக்கத்துக்குப் போனது, இன்னும் எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வடிவு தூத்துக்குடியிலிருந்து வருவாள். வந்ததும் மதினியைப் பார்லர் நாற்காலியில் உட்காரவைத்து, விரலில் கொஞ்சம் வாசலினைத் தொட்டு மதினியின் கன்னத்தில் தடவி, காதை வைத்துக் கேட்பாள். ஒவ்வொரு வாரமும் கேட்பாள், ஒவ்வொரு வாரமும் ஒன்றும் இருக்காது. அன்றும் அப்படித்தான் தடவினாள், அப்படித்தான் கேட்டாள். ஒன்றும் இல்லை.

"பரவால்ல மதினி, அடுத்த வாரம் பாப்போம்" என்று வடிவு மூடியைத் திருகினாள்.

"என்னுது போனாப் போவுது வடிவு. உன்னுது வந்தாப் போதும் எனக்கு" என்றாள் பவளக்கொடி. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கன்னங்கள் தம்மேல் படிந்ததைத் தவிர வேறு எதையும் பேசாது என்று சொன்னேன் அல்லவா. அதுவரைக்கும் அப்படித்தான் இருந்தது. டாக்டரம்மா தந்த மருந்தும் அதற்குள் நின்றிருந்தது, அன்று வடிவின் முகத்தில் எதுவும் பூசியிருக்கவில்லை, கதவு சாத்தியிருந்ததால் உப்புக்காற்றும் இல்லை. ஆனாலும் மூடி முழுசாகத் திருகப்படுவதற்கு முன்னால் அவளுடைய கன்னம், வாசற்படியில் நின்ற அந்தக் குழந்தையின் குரலில், ஓசைப்படாமல் சொன்னது:

"எனக்கும் மதினி."

பவளக்கொடி கையை நீட்டி வாசலின் டப்பாவை வாங்கி, மூடியைத் திறந்தாள்.